ஏழாம் அறைக்கு ஒரு பெயர்

ஊரையே தீவுக்கு அனுப்பி வைத்தவள் ஒரு தடவைகூடத் தீவைப் பார்த்ததில்லை என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும். பதினோரு வருடமாக அவள் வேலையே அதுதான். அந்தச் சுற்றுலா அலுவலகத்தில் மாடிப்படி ஏறியதும் இடது பக்கம், ஏ.சி. காற்று நேராகப் பிடரியில் அடிக்கிற மேஜை அவளுடையது. புதுசாகக் கல்யாணமானவர்கள், டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார் என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள், பணத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாதவர்கள், எல்லோரையும் எதிரே உட்கார வைத்துப் படகு நேரத்திலிருந்து தலையணை உயரம் வரைக்கும் கேட்டுத் திட்டம் போட்டுக் கொடுப்பாள். அலுவலகத்தில் அவளுக்குத் 'தீவு அக்கா' என்று பெயர். விசா வேலை பார்க்கிறவர் அவளைவிட நாலு வயது மூத்தவர், முன்மண்டை வழுக்கை. அவரும் வெட்கமே இல்லாமல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

தீவைப் பற்றியும் அங்கே இருக்கிற எண்ணெய்ச் சிகிச்சை விடுதியைப் பற்றியும் அவளுக்குத் தெரியாதது கிடையாது. எல்லாம் போய்விட்டு வந்தவர்கள் கொட்டிய புகாரில் தெரிந்துகொண்டதுதான். விளம்பரப் படத்தில் வெறும் நீலக் கடலும் வெள்ளை மெத்தையும் இருக்கும். மூன்றாம் அறைக் குளியலறையில் தவளை வரும் என்று படமா சொல்லும்? ஐந்தாம் அறைத் தகரக் கூரையில் தேங்காய் விழுந்து ஒரு பெரியவர் இடி விழுந்துவிட்டதாக அலறிய கதையை எந்தப் படம் சொல்லும்? ஏழாம் அறைதான் எல்லாவற்றிலும் உசத்தி. நேர் எதிரே கடல், பதினோரு படி இறங்கினால் தண்ணீர். அதற்கும் புகார் உண்டு. உப்புக் காற்றில் கதவு ஊதிப்போய்த் திறக்காது. ராத்திரி பூரா அலைச் சத்தம். "அந்த அலையைக் கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்லுங்க மேடம்" என்று ஒருத்தர் சீரியஸாகவே எழுதிக் கொடுத்திருந்தார். அவள் சிரிக்காமல் வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டாள். அடுத்து ஏழாம் அறைக்குப் போகிறவர்களிடம், "கதவ லேசா மேல தூக்கிட்டுத் தள்ளுங்க, திறந்துக்கும்" என்று மறக்காமல் சொல்லி அனுப்புவாள்.

தீவில் இறங்கியதும் கைப்பேசியை வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள். மூன்றாம் நாளே வீட்டுக்காரர்கள் பதறிப்போய் இவளுக்கு அடிப்பார்கள். இவள் தீவின் வரவேற்பு மேஜைக்கு அடிப்பாள். அங்கே இருக்கிற பெண்ணை இவள் கண்ணால் கண்டதில்லை, குரல் மட்டும் அத்துப்படி. "கெஸ்ட் ட்ரீட்மென்ட்ல இருக்காங்கக்கா, இப்ப பேச முடியாது." காலையில் அடித்தாலும் அதே பதில், சாயங்காலம் அடித்தாலும் அதே பதில். அப்படி என்னதான் சிகிச்சை கொடுக்கிறார்களோ என்று இவளே வியந்து போவாள்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சீசன் நேரத்தில் நல்ல அறை கண்ணில் பட்டால் விடக்கூடாது. வாடிக்கையாளர் யோசித்து, சம்சாரத்தைக் கேட்டு, ஜாதகம் பார்க்காத குறையாக முடிவு சொல்வதற்குள் அறை பறந்துவிடும். அதனால் தன் பெயரிலேயே அறையைப் பிடித்து வைப்பார்கள். அதற்கு 'ஹோல்டு' என்று பெயர். வாடிக்கையாளர் சரி என்றதும் பெயரை மாற்றிவிடுவார்கள். இந்தக் கணக்கில் பார்த்தால் தீவு அக்கா அந்தத் தீவில் முந்நூறு தடவையாவது தங்கியிருக்கிறாள், காகிதத்தில். தீவுக்காரர்கள் பெயர் மாற்றத்துக்கு ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனைதான். அங்கே இருக்கிற டாக்டரம்மா, வரப்போகிறவரைப் போனில் கூப்பிட்டு முக்கால் மணி நேரம் விசாரிப்பார். அதை வைத்துத்தான் எண்ணெய், சாப்பாடு எல்லாம் தயாராகும். அவர் விசாரித்த பிறகு ஆளை மாற்ற முடியாது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். டைல்ஸ் கடைக்காரர் ஒருவர், அலுவலகத்துக்கே பெரிய கை. வருடத்துக்கு முப்பது டீலர்களை வெளியூர் கூட்டிப் போகிற ஆர்டர் அவருடையது. அவர் தன் மனைவிக்குப் பத்து நாள் வேண்டும், அதுவும் ஏழாம் அறைதான் வேண்டும் என்றார். இவள் வழக்கம்போலத் தன் பெயரில் பிடித்து வைத்தாள். திங்கட்கிழமை அவர் போன் போட்டு, "தீவெல்லாம் வேணாம்மா, மலைப்பக்கம் போறோம்" என்று கை கழுவி விட்டார். புதன்கிழமை சாயங்காலத்துக்குள் அறையை விட்டுக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான், தினமும் நடக்கிற சங்கதி.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் போன் அடித்தது. விசாக்காரர் சாப்பிடப் போயிருந்தார், முதலாளி வெளியே. அன்று காலையிலிருந்தே இவளுக்குக் கழுத்து வழக்கத்தைவிட மோசமாகப் பிடித்துக்கொண்டு, யார் கூப்பிட்டாலும் நாற்காலியோடு சேர்ந்துதான் திரும்ப முடிந்தது.

"ஏழாம் ரூம் கெஸ்ட்டுங்களா? நான் தீவுலேர்ந்து டாக்டர் பேசறேன். நாளையிலேர்ந்து நான் ரெண்டு நாள் லீவு, அதான் முன்னாடியே கூப்பிட்டேன்."

'இது ஹோல்டு பேர் டாக்டர்' என்று சொல்ல வேண்டும். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அந்தம்மா முந்திக்கொண்டு, "சொல்லுங்கம்மா, கடைசியா எப்போ நல்லாத் தூங்குனீங்க?" என்று கேட்டுவிட்டார்.

தலையணை உயரம் என்ன, மெத்தை கெட்டியாக வேண்டுமா என்று ஆயிரம் பேரிடம் கேட்டவள் அவள். அவளை யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தாள்.

"என் பொண்ணு பொறந்தப்போ டாக்டர். ஆஸ்பத்திரியில மூணு நாள்."

"பொண்ணுக்கு இப்ப என்ன வயசு?"

"பத்தொன்பது."

அந்தப் பக்கம் அதை எழுதிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. அப்புறம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். மத்தியானம் போன் பேசிக்கொண்டே, ராத்திரி நின்றுகொண்டே என்றாள். கழுத்து வலியைச் சொன்னதும், முதுகு, தோள் யாராவது பிடித்துவிட்டிருக்கிறார்களா என்று கேட்டார். "தையல்காரம்மா அளவெடுக்கிறப்போ தொடுவாங்க, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு இவளே சிரித்தாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"இந்தப் பத்து நாள்ல உங்களுக்கு என்ன வேணும்?"

"யாரும் என்கிட்ட எதுவும் கேக்கக்கூடாது." முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை. விசாக்காரர் பல் குத்திக்கொண்டே திரும்பி வந்தபோது அவள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள், ஏ.சி. ஒத்துக்கொள்ளவில்லை என்று அவரிடம் புளுகினாள்.

தப்புதான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் புதன்கிழமை சாயங்காலம் வரை அவகாசம் இருந்தது. வாய் தவறிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவள் சொல்லவில்லை. அன்று ராத்திரி பீரோவைக் குடைந்து வேலையில் சேர்ந்தபோது கொடுத்த கடிதத்தை எடுத்தாள். பத்து வருடம் முடித்தவர்கள் அலுவலகம் ஆள் அனுப்புகிற எந்த இடத்திலும் ஒரு தடவை பாதிக் கட்டணத்தில் தங்கிக்கொள்ளலாம் என்று அதில் முதலாளியே கையெழுத்துப் போட்டிருந்தார். எந்த ஜென்மத்திலும் ஒருத்தரும் கேட்கப் போவதில்லை என்கிற தைரியத்தில் போட்ட கையெழுத்து. மறுநாள் காலை, புதுச் சோபாவுக்கென்று சேர்த்து வைத்திருந்ததில் மீதிப் பாதியை அலுவலகக் கணக்கில் கட்டினாள்.

அவள் கணவருக்கு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் காலுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தே பழக்கப்பட்டவர், வீட்டிலும் அப்படித்தான்.

"பத்து நாளா? எதுக்கு? உனக்கென்ன குறைச்சல், நல்லாத்தானே இருக்க?"

"நல்லாத்தான் இருக்கேன்னு எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"பாத்தாத் தெரியாதா?"

"எப்போ பாத்தீங்க?"

அவர் பழைய சோபாவின் கிழிந்த ஓரத்தை விரலால் நோண்டினார். "சரி, பத்து நாள் வீட்ட யாரு பாத்துக்கறது?"

"வீடு எங்கயும் ஓடிப் போயிடாது. நீங்களும் உங்க பொண்ணும் ரெண்டு கை ரெண்டு கால் உள்ளவங்கதானே?"

மகள் உள்ளறையிலிருந்து, "போயிட்டு வாம்மா, அப்பாவுக்கு அடுப்பு பத்த வைக்க நான் லைசென்ஸ் வாங்கித் தரேன்" என்று கத்தினாள். இவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அப்பாவும் மகளும் அன்று பேசிக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமைதான் வினை வந்தது. டைல்ஸ்காரர் முதலாளிக்குப் போன் போட்டார். மலையில் ஒரே குளிராம், மழையாம், அதனால் பழையபடி தீவே இருக்கட்டுமாம். முதலாளியும், "உங்களுக்கு இல்லாத ரூமா அண்ணே!" என்று வாக்குக் கொடுத்துவிட்டு இவளிடம் வந்தார். இவள் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். கடிதத்தையும் எடுத்துக் காட்டினாள். அவர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேறு யாரோ தன் கையெழுத்தைப் போட்டுவிட்டதாக நினைத்தார் போல.

கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குழைந்தார். வேலை ஆக வேண்டிய நாட்களில் மட்டும் அவள் அவருக்குத் தங்கச்சி.

"நீ என் கூடப்பொறந்த தங்கச்சி மாதிரிம்மா. உன்ன அனுப்பாம இருப்பேனா? அடுத்த வருஷம் நானே அனுப்பறேன். இப்ப ஒரே ஒரு போன் பண்ணு. அந்த டாக்டர்கிட்ட, அன்னைக்கு நான் சொன்னதெல்லாம் சும்மா, பொய், கெஸ்ட் வேற ஆளுன்னு சொல்லிடு. தப்பான ஆள்கிட்ட பேசிட்டோம்னு தெரிஞ்சா அவங்களே சரியான ஆளக் கூப்பிட்டுத் திரும்ப விசாரிச்சுப்பாங்க. முடிஞ்சு போச்சு."

"அது பொய்யில்ல சார்."

"பொய்யின்னு யாரு சொன்னா? பொய்யின்னு சொல்லுன்னுதான் சொல்றேன்." இந்த வித்தியாசம் தனக்கே எவ்வளவு அழகாகப் புரிந்திருக்கிறது என்று அவர் பூரித்துப் போனதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பத்தொன்பது வருடத் தூக்கத்தை ஒரு மனுஷியிடம் வாய் திறந்து சொல்லியிருக்கிறாள். அதைச் சும்மா சொன்னதாகச் சொல்ல வேண்டுமாம். ரூமைக் கேட்டால்கூட மனசு ஆறும், இதை எப்படிக் கொடுப்பாள்?

வெள்ளிக்கிழமை டைல்ஸ்காரர் நேரிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார், மனைவியையும் கூட்டிக்கொண்டு. அந்தம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, யார் வீட்டுக் கல்யாணமோ என்று ஓரமாக உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா லீவு முடிந்து வந்துவிட்டார். முதலாளி போனை மேஜை நடுவில் வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார். "பேசும்மா" என்றார். இந்தக் குரலில் தங்கச்சி இல்லை.

"வேலைய மனசுல வச்சுக்கிட்டுப் பேசு" என்று மெதுவாக ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். நாற்பத்தெட்டு வயதில் வெளியே போனால் வேறு எவன் கூப்பிட்டு உட்கார வைத்து வேலை கொடுப்பான்? மகளுக்குப் படிப்பு இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருக்கிறது. விசாக்காரர் தன் மேஜையில் ஒரே பாஸ்போர்ட்டை மூன்றாம் தடவையாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.

மணி அடித்து, எடுத்தார்கள். இவள் வணக்கம் சொல்வதற்குள், "அட நீங்களா! கழுத்து எப்படிம்மா இருக்கு?" என்றார் டாக்டரம்மா.

அறையில் இருந்த அத்தனை பேரும் அவள் கழுத்தைப் பார்த்தார்கள். பதினோரு வருடமாக அந்தக் கழுத்து அங்கேதான் இருந்தது.

"அப்படியேதான் இருக்கு டாக்டர்" என்றாள். முதலாளி கண்ணை உருட்டினார், தலையை ஆட்டினார், விரலால் மேஜையைத் தட்டினார். அவள் அவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அன்னைக்கு நான் உங்ககிட்ட சொன்னது பொய்யின்னு இப்ப சொல்லணும்னு இங்க எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. சொல்ல மாட்டேன். அதுல ஒரு எழுத்துகூடப் பொய்யில்ல. ஞாயித்துக்கிழமை காலைப் படகுல வரேன்."

"வாங்கம்மா, எண்ணெய் காய்ச்சி வச்சாச்சு" என்று டாக்டரம்மா சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்போ திங்கக்கிழமை ஆபீஸ் பக்கம் வந்துடாதே!"

"திங்கக்கிழமை நான் தீவுல இருப்பேன் சார், இங்க எப்படி வர முடியும்?"

விசாக்காரருக்குத் தும்மல் வந்தது. உண்மையான தும்மல் இல்லை, சிரிப்பை அப்படி மாற்றிக்கொண்டார். டைல்ஸ்காரர், "என்னய்யா இது, ஒரு வேலைக்காரி..." என்று ஆரம்பித்தார். அதுவரை ஓரமாக உட்கார்ந்திருந்த அவர் மனைவி கையை நீட்டி அவரை நிறுத்தினார். தீவு அக்காவின் பக்கம் குனிந்து, ரகசியம் கேட்கிற மாதிரி கேட்டார்.

"அந்தக் கேள்வியெல்லாம் என்கிட்டயும் கேப்பாங்களா?"

"கேப்பாங்கம்மா. உங்ககிட்ட மட்டும்தான் கேப்பாங்க."

"டாக்டர்கிட்ட நானே பேசிக்கிறேன்னு இவர் சொன்னாரே?"

"அதெல்லாம் நடக்காது."

அந்தம்மா கொஞ்சம் யோசித்தார். "அப்போ எனக்கு அடுத்த மாசம் போடுங்க. என் போன் நம்பர் எழுதிக்கோங்க, இவர் நம்பர் வேணாம்." தீவு அக்கா நம்பரை நிதானமாக எழுதிக்கொண்டாள். லீவுக் கடிதத்தை முதலாளி மேஜையில் வைத்து, காற்றில் பறக்காமல் அவருடைய கண்ணாடிக் கூட்டையே எடுத்து அதன் மேல் வைத்துவிட்டுப் படி இறங்கினாள். இறங்கும்போது கைப்பிடியை விடவே இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சனிக்கிழமை ரயிலடிக்குக் கணவர்தான் வண்டியில் கொண்டுவிட்டார். பயிற்சி வண்டியைப் போல இருபதில் உருட்டினார். இரண்டாவது சிக்னலில் சிவப்புக்கு நிறுத்தியதும் கேட்டார்.

"கழுத்து வலிக்குதா?"

"ம்."

"எத்தன நாளா?"

"ஆறு வருஷமா."

"சொல்லவே இல்லையே நீ."

"நீங்க கேக்கவே இல்லையே."

பச்சை விழுந்தது. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. அவர் கிளப்பவில்லை. மாணவர்களை அதற்காகத் திட்டுகிறவர், ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு, "பத்து நாளும் இருந்துட்டு வா. முன்னாடி வந்துடாதே" என்றார். அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. கழுத்து வலிக்குதா என்று ஆறு வருடம் முன்னால் கேட்டிருந்தால் ஒரு தைலத்தில் போயிருக்கும்.

தீவில் எல்லாம் புகாரில் இருந்தபடியே இருந்தது. படகுத்துறையில் மூன்றாவது பலகை ஆடியது. வரவேற்பு மேஜைப் பெண், குரலை வைத்து அவள் நினைத்திருந்ததைவிடக் குட்டை, வாய்கொள்ளாச் சிரிப்பு. ஏழாம் அறைக் கதவு ஊதிப்போய் இறுகிக் கிடந்தது. உதவிக்கு ஓடி வந்தவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, லேசாக மேலே தூக்கித் தள்ளினாள். திறந்துகொண்டது. எதிரே கடல் கிடந்தது. படிகளை எண்ணினாள். பதினோரு படி இல்லை, பன்னிரண்டு. இத்தனை வருடமாக ஒருத்தருக்கும் ஒழுங்காக எண்ணத் தெரியவில்லை.

அலைச் சத்தத்தில் தூங்கவே முடியாது என்று எழுதிக் கொடுத்த மனிதரை அவளால் புரிந்துகொள்ள முடியவில்லை. முதல் நாளும் இரண்டாம் நாளும் வெயில் ஜன்னலுக்குள் வந்து முகத்தில் அடித்த பிறகுதான் கண் விழித்தாள்.

மூன்றாம் நாள் காலையில் எண்ணெய்க் குளியல் முடிந்து, கடைசிப் படியில் உட்கார்ந்து காலை மணலில் புதைத்துக்கொண்டிருந்தாள். வேறொன்றும் செய்யவில்லை. வரவேற்பு மேஜைப் பெண் போனைக் கையால் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"அக்கா, உங்க முதலாளி! காலையிலேர்ந்து எட்டாவது தடவை. டைல்ஸ்காரர் சம்சாரத்துக்கு அடுத்த மாசம் ஏழாம் ரூம் ஹோல்டு பண்ணணுமாம். யார் பேர்ல போடறதுன்னு தெரியலையாம். நீங்க வந்ததும் வேலைக்கு வரலாம்னு வேற சொல்றார்."

தீவு அக்கா திரும்பிப் பார்த்தாள். கழுத்து மட்டும் திரும்பியது, உடம்பு அப்படியே இருந்தது.

"நான் ட்ரீட்மென்ட்ல இருக்கேன், இப்ப பேச முடியாதுன்னு சொல்லுங்க."

"சும்மாதானேக்கா உக்காந்திருக்கீங்க?"

"பதினோரு வருஷமா நீங்க என்கிட்ட சொன்னதும் இதத்தானா?"

அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். பொத்தியிருந்த கைக்குள்ளிருந்து முதலாளி ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார்.

"யார் பேர்ல போடறதுன்னுதானே கேக்குறார்?" என்றாள் தீவு அக்கா, காலை இன்னும் கொஞ்சம் மணலுக்குள் தள்ளிக்கொண்டே. "அவர் பேர்லயே போடச் சொல்லுங்க. டாக்டரம்மா கூப்பிட்டுக் கேக்கட்டும்."